போறணை ஆறினால் ஆறட்டும்

பேக்கரிக்காரருக்கு நாள் தொடங்குவது இரவு எட்டு மணிக்கு. பதுளை நகரத்தில், பசறை வீதிப் பக்கமுள்ள எங்கள் பேக்கரியில் அந்த நேரத்துக்குத்தான் மா மூட்டை பிரியும். 50 கிலோ மூட்டைக்கு ஒரு கிலோ உப்பு, கொஞ்சம் சீனி, மாஜரின், பருவத்தைப் பார்த்து ஈஸ்ட், 28 முதல் 30 லீற்றர் வரை தண்ணீர். மார்கழி மழைக் குளிரில் மா பொங்கச் சோம்பல்படும். சித்திரையில் அவசரப்படும். நடுச்சாமத்தில் வெட்டி, உருட்டி, அச்சில் வைத்து, இரண்டு மணிக்குப் போறணைக்குள் விட்டால் நான்கு மணிக்குள் முதல் பாண் வெளியே வந்துவிடும். ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 160 றாத்தல். ஐந்து மணிக்கு முன் பாண் த்ரீவீல்கள் பேத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு ஹாலிஎல, ஸ்பிரிங்வெளி, நமுனுகுல பாதைகளில் ஏறிவிட வேண்டும். தோட்டத்து ஆட்கள் பெரட்டுக்குப் போகுமுன் பாண் லயத்தில் இருக்க வேண்டும். பிந்தினால் அன்றைய பாண் அன்றைக்கே பழசு.

இந்தத் தொழில் மனிதரை என்ன செய்யும் என்று உலகம் யோசிக்காமல் இல்லை. 1925இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பேக்கரிகளில் இரவு வேலை கூடாது என்று ஓர் உடன்படிக்கையையே நிறைவேற்றியது. தொடர்ந்து ஏழு மணித்தியாலமாவது, பொதுவாக இரவு 11 முதல் காலை 5 வரை அதில் அடங்கும்படி, பாண் செய்யக்கூடாது. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. தடை வேலையாளுக்கு மட்டுமல்ல, முதலாளிக்கும் உண்டு என்று முதல் உறுப்புரையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். விவரம் தெரிந்த யாரோ அந்த மண்டபத்தில் இருந்திருக்க வேண்டும். சின்னப் பேக்கரியில் வேலையாளைத் தூங்கவிட்டால் முதலாளி எழும்பி நிற்பான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நூறு வருடம் ஓடிவிட்டது. பதுளைப் பேக்கரி எதிலும் அந்த உடன்படிக்கையின் நிழலைக்கூட நான் கண்டதில்லை.

நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்கு வாரம் ஒன்றரை நாள் லீவு தருகிறது. அந்தப் பிள்ளைக்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் நான் கட்டுகிறேன். கட்டுகிற எனக்கு லீவுமில்லை, சேமலாபமுமில்லை. குறையாகச் சொல்லவில்லை. லாபம் வந்தால் அதுவும் எனக்குத்தானே. ஆனால் வீட்டில் ஒருவர் படுத்துவிட்ட காலத்தில் இந்தக் கணக்கு வேறு மாதிரித் தெரியும்.

2021 கடைசியில் என் கணவருக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்தன. பல வருடச் சீனி வியாதியின் முடிவு அது. பதுளை பெரியாஸ்பத்திரியில் டயலிசிஸ். ஒரு தடவைக்கு நான்கு மணித்தியாலம், வாரத்துக்கு இரண்டு தடவை, உடம்பு கேட்டால் மூன்று. வெளியே வாங்கில் காத்திருக்கும்போது எங்கள் மாவட்டத்தின் மறு கோடியிலுள்ள கிராந்துருகோட்டைப் பக்கத்து விவசாயிகளோடு பழக்கமானேன். சீனியோ பிரஷரோ இல்லாதவர்களுக்கே சிறுநீரகம் பழுதாகும் ஊர் அது. காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அவர்களில் ஒரு அம்மா, புருஷனை உள்ளே விட்டுவிட்டு, வாய்க்கால் தண்ணீர் திறக்கும் நாளைப் பற்றியே போனில் பேசிக்கொண்டிருப்பார். அவருக்கு வயல், எனக்கு மா. இரண்டும் நமக்காகக் காத்திருக்காது. தோட்டத்தில் வேலை செய்யும் என் சின்னம்மாவுக்கு லீவு கேட்க ஒரு துரையாவது இருந்தார், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். எங்களுக்குக் கேட்கவே ஆளில்லை.

வெளி வேலை முழுவதும் கணவர் கையில் இருந்தது. வங்கி, மா ஏஜென்சி, த்ரீவீல்காரரின் கணக்கு, தோட்டக் கடைகளில் காசு சேர்ப்பது எல்லாம் அவர்தான். பேக்கரி என் அப்பாவுடையது என்பதால் உள் வேலையும் கேக்கும் கணக்குக் கொப்பியும் என்னுடையவை. ஒருவர் படுத்ததும் இரண்டு பக்கமும் ஒரு தலையில் வந்து விழுந்தன.

எங்கள் பசாரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கடைக்காரன் தன் வீட்டுக் கஷ்டத்தைக் கடைத்தெருவில் சொல்லக்கூடாது. காரணம் இல்லாமல் வந்த சட்டமல்ல. மா கடனுக்கு வருகிறது. பின் திகதியிட்ட செக் கொடுக்கிறோம். "அந்த வீட்டில் ஆள் படுத்துவிட்டாராம்" என்ற பேச்சு கிளம்பினால் அடுத்த லொறிக்குக் கையில் காசு கேட்பார்கள். ஒருவர் கேட்டால் நான்கு பேரும் கேட்பார்கள். ஆகவே மறைப்பது. நல்ல சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, "எல்லாம் நல்லம்" என்று சொல்வது. நகரத்தில் ஒரு ஜவுளி வியாபாரி தன் மனைவியின் புற்றுநோயை ஒரு வருடத்துக்கு மேல் இப்படி மறைத்தார். பகலில் கடை, இரவில் மஹரகமை ஆஸ்பத்திரிக்குப் பயணம், விடியற்காலை பஸ்ஸில் திரும்பி வந்து மறுபடியும் கடை. திகதி மறந்த செக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பியபோது ஊருக்கு முதலில் கிடைத்த செய்தி அதுதான். மனைவி நோயாளி என்று தெரியாத ஊர், அவர் சூதாடுகிறார் என்று முடிவுகட்டியது. மறைத்த நோயைவிட மோசமான கதையைத்தான் ஊர் தானாக எழுதும்.

என் அப்பாவும் மறைத்தே வாழ்ந்தவர். 1983 ஜூலை 27ஆம் திகதி, பதுளை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தொடங்கிய கலவரம் பகலுக்குள் பசார் முழுவதும் பரவி, தமிழர் கடைகள் எரிந்தன. எங்கள் பேக்கரியில் மிஞ்சியது செங்கல் போறணை மட்டும். அது எரிந்து பழகியது. அப்பா சீக்கிரமே கூரைத் தகரம் போட்டு, அதே போறணையில் விறகு வைத்துப் பாண் சுட்டார். ஊர் இன்றுவரை அதை மெச்சுகிறது. நான் முழுமனதாய் மெச்சுவதில்லை. அவர் அதன்பிறகு ஒரு இரவு முழுதாய்த் தூங்கி நாங்கள் பார்க்கவில்லை. சத்தம் கேட்டால் எழும்புவார், முற்றத்தில் நிற்பார், உள்ளே வந்து மா பொங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். அதைத் தொழில் பக்தி என்று சொன்னோம். 60 வயதுக்கு முன்பே வாதம் வந்து விழுந்தார். எரிந்த கடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேசியிருந்தால் இன்னும் நாள் இருந்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த முற்றத்தை நினைத்துத்தான் நான் வேறு வழி பார்த்தேன்.

முதலில் சொன்னது பாஸிடம். போறணைக்குப் பொறுப்பானவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அப்பா காலத்திலிருந்து இருக்கும் சிங்களவர். டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லி, ஆஸ்பத்திரி நாட்களில் இரவு வர முடியாது என்றேன்.

"நோனா ராவைக்கு வரவே வேணாம். நோனா வந்து பாத்துக்கிட்டு இருந்தா நான் எதுக்கு பாஸ்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பல வருடமாய் அவர் இதைச் சொல்லக் காத்திருந்திருக்கிறார்.

மறுநாள் மா ஏஜென்சிக்காரர். காத்தான்குடியிலிருந்து வந்து பதுளையில் நிலைத்துவிட்ட குடும்பம். எல்லோருக்கும் அவர் நானாதான். அவரிடம் தவணையை ஒரு வாரம் தள்ளிக் கேட்டேன், ஏன் என்றும் சொன்னேன். "தங்கச்சி, நீங்களே வந்து சொன்னீங்க, அது பெரிய விசயம். வெளியால கேள்விப்பட்டிருந்தா நானும் லொறிய நிப்பாட்டித்தான் இருப்பேன்" என்றார். ஒளிவுமறைவில்லாத பேச்சு. மூன்றாவது வங்கி. முகாமையாளர் அனுதாபப்பட்டார், ஓவர்டிராஃப்ட் வட்டியில் ஒரு சதமும் குறைக்கவில்லை, ஆனால் செக் ஏதாவது இடறினால் திருப்புமுன் எந்த நம்பருக்குப் போன் பண்ண வேண்டும் என்று எழுதிக்கொண்டார். எனக்கு அது போதும். எல்லோரும் இப்படி நடந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். மாஜரின் கொடுத்தவர் அந்த வாரமே கைக்காசுக்கு மாறிவிட்டார். சொல்வதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அது எவ்வளவு என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். மறைப்பதன் விலை அப்படித் தெரியாது.

இரவை விட்டுக்கொடுப்பதென்றால் அளவுகளை விட்டுக்கொடுக்க வேண்டும். அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது கை அளவு. ஈஸ்ட் எவ்வளவு என்று கேட்டால் உள்ளங்கையைக் காட்டுவேன். உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து, மழைக்கால அளவு, வெயில்கால அளவு என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டினோம். எழுதும்போதுதான் தெரிந்தது, இந்தத் தொழிலில் என் கை இல்லாமல் நடக்காது என்று நான் நம்பியிருந்தவற்றில் பாதிக்குமேல் ஒரு தாளின் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது, பெரிய ஆறுதலாகவும் இருந்தது. செக் புத்தகத்தில் என்னோடு என் அக்கா மகனின் கையெழுத்தையும் சேர்த்தோம். ஒரு தொகை வரை அவன் தனியாகப் போடலாம்.

அடுத்து கேக்கை நிறுத்தினேன். இதைச் சொன்னால் தொழில் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். பாணில் சதக்கணக்கில்தான் லாபம். கேக்கில்தான் காசு. ஆனால் பாண் வாங்குபவர் காசை வைத்துவிட்டுப் போய்விடுவார். கேக் வாங்க வருபவர் உட்காருவார். பிள்ளையின் முதலாவது பிறந்தநாள், மகளின் சடங்கு, அண்ணன் மகன் கனடாவிலிருந்து வருகிறான். நிறம் எது, பூ எத்தனை, பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவர்களோடு சிரித்துப் பேச வேண்டும். அந்தச் சிரிப்பு என்னிடம் கையிருப்பில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, ரோஜா நிற ஐசிங்கில் யாரோ ஒரு பிள்ளையின் பெயரை எழுதும்போது கை நடுங்காமல் இருக்க நான் செலவழித்த பிரயாசை, ஒரு மூட்டை மா பிசைவதைவிடப் பெரிது. ஷோர்ட் ஈட்ஸையும் நிறுத்தினோம். பாண், ரோஸ் பாண், டீ பனிஸ், கிம்புலா பனிஸ். இவ்வளவுதான். கஷ்ட காலத்தில் எதை நிறுத்துவது என்று யாராவது கேட்டால், லாபம் குறைந்ததை நிறுத்து என்றுதான் கணக்காளர் சொல்வார். உன் முகத்தை அதிகம் கேட்பதை நிறுத்து என்று நான் சொல்வேன்.

முகத்தைப் பற்றி இன்னொன்று. ஊர் நல்ல ஊர். காலையில் பாண் வாங்க வரும் ஒவ்வொருவரும் "அண்ணனுக்கு எப்படி?" என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் கோபம் வரும், கேட்டால் பதில் சொல்லிச் சொல்லி நாக்கு வறளும். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வாங்கில் போய் உட்கார்ந்து திரும்பி வருவது போலிருக்கும். கவுண்டரில் நிற்கும் பிள்ளையிடம் ஒரு பதிலைக் கொடுத்து வைத்தேன்: "இருக்கிறார், மருந்து நடக்குது, அக்கா உள்ளுக்கு வேலையா இருக்காங்க." நான் மா அறையில் கணக்கு எழுதினேன். திமிர் பிடித்துவிட்டது என்று இரண்டொருவர் சொன்னதாகவும் கேள்வி.

அப்புறம் 2022. அந்த வருடத்தை இலங்கையில் வாழ்ந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் தொழிலுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். டொலருக்கு 200 ரூபாயாக இருந்தது சில மாதத்தில் 360ஐத் தொட்டது. கோதுமை முழுவதும் கப்பலில் வருவது. மார்ச் மாதத்தில் பாண் ஒரே தடவையில் 30 ரூபாய் ஏறியது. காஸ் இல்லாமல் நாடெங்கும் பேக்கரிகள் மூடப்பட்டன. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. மிக்சர் நின்றால் மாவைக் கையால் பிசைய வேண்டும். எங்களைக் காப்பாற்றியது 1983இலும் எரியாமல் நின்ற அந்த விறகுப் போறணைதான். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 புள்ளி ஏற்றியது. என் ஓவர்டிராஃப்ட் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது த்ரீவீலுக்கு வாரம் 5 லீற்றர். நமுனுகுல மலைக்கு ஏறி இறங்கினால் அதில் எவ்வளவு மிஞ்சும்? ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் அதே பெற்றோல்தான். நமுனுகுல பாதையை அந்த மாதங்களுக்குக் கைவிட்டேன். லயத்துப் பிள்ளைகள் ரொட்டிக்குத் திரும்பினார்கள், அதற்கும் மா விலைதான்.

அந்த நேரத்தில்தான் என் உடம்பு கணக்குக் கேட்டது. சாப்பாடு என்பது வெட்டும் மேசையில் கருகிப்போன பனிஸ், சீனி போட்ட பிளேன் டீ. தூக்கம் துண்டு துண்டாக. உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாரம் 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 வீதம் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் 55 மணித்தியாலம் வியாழக்கிழமையே முடிந்துவிடும். உடம்பின் இரவு பகல் ஒழுங்கைக் குழப்பும் ஷிப்ட் வேலை புற்றுநோய்க்கு இடம்கொடுக்கக்கூடியது என்று 2007இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம் வகைப்படுத்தியிருக்கிறது. இதையெல்லாம் நான் அப்போது படிக்கவில்லை. டயலிசிஸ் பிரிவில் ஒரு நர்ஸ் மிஸ்தான் என் கணுக்காலைப் பார்த்துவிட்டு, "நீங்களும் ஒரு நாளைக்கு அந்தப் பக்கக் கட்டில்ல படுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். 35 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்த்துக்கொடுக்கும் இடம் உண்டு. கணவரை உள்ளே விட்டுவிட்டு வெளியே சும்மா உட்கார்ந்திருக்கும் நான்கு மணித்தியாலத்தில் அங்கே போனேன். பிரஷர் ஏறியிருந்தது. அன்றிலிருந்து எனக்கும் ஒரு கிளினிக் கொப்பி. அவருடையதையும் என்னுடையதையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போவோம். அவருக்கு அதில் ஒரு சிரிப்பு.

தூக்கத்துக்கு ஒரே ஒரு சட்டம் வைத்தேன். இரவு ஒன்பது மணிக்குப் படுத்து மூன்றரைக்கு எழும்புவது. இடையில் பேக்கரியிலிருந்து போன் வரலாம், ஆனால் நெருப்புக்கு மட்டும்தான். ஒரு இரவு மா கெட்டு ஒரு மூட்டைப் பாண் கல்லாகிவிட்டது. பாஸ் எழுப்பவில்லை. விடிந்ததும் அதை ரஸ்க்காகச் சுட்டு விற்றார்கள். எழுப்பியிருந்தாலும் ரஸ்க்தான்.

காசில் கண்டிப்பாக இருந்தேன். லாச்சியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுப்பதை நிறுத்தி, பாஸுக்கும் பிள்ளைகளுக்கும் எழுதுவது போல எனக்கும் ஒரு சம்பளத்தை எழுதினேன். மருந்தும் வாகனமும் அதிலிருந்துதான். போதாத மாதம் அக்காவிடம் கடன் வாங்கினேன், கடையிடமிருந்து வாங்கவில்லை. லாச்சிக்குள் கை போய்ப் பழகிவிட்டால், நோய் எவ்வளவு தின்றது, மா எவ்வளவு தின்றது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மனசைப் பற்றிச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் நாட்டில் "அங்கொடை" என்ற ஊர்ப் பெயரே ஒரு வசை. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனம் 1926 என்ற இலக்கத்தில் இருபத்துநான்கு மணித்தியாலமும் பேச ஆள் வைத்திருக்கிறது. இலக்கத்தைக் கொடுத்தது கிளினிக்கில். சில மாதம் அது என் பையிலேயே கிடந்தது. ஒரு இரவு ஒன்பது மணிச் சட்டம் வேலை செய்யவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் மிக்சர் ஓடியது. அந்த நேரத்தில் யாரை எழுப்புவது? அக்காவை எழுப்பினால் அவளும் அழுவாள். 1926க்கு எடுத்தேன். தமிழில் பேச வேண்டும் என்றேன், பேசினார்கள். அந்தப் பக்கத்திலிருந்தவர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. இன்று கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், வீட்டில் விழித்திருப்பவர் யார், நாளைக்குக் கட்டாயம் நீங்களே செய்ய வேண்டிய வேலை எது என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடியபோது ஒன்றுதான் வந்தது: அவரைக் கூட்டிக்கொண்டு போவது. மற்றதெல்லாம் வேறு யாராவது செய்யக்கூடியது. அதன்பிறகு பதுளையிலேயே மனநல கிளினிக்குக்குப் போனேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். அங்கே வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர் எங்கள் பசாரிலேயே நாலு கடை தள்ளி வியாபாரம் செய்பவர். இருவரும் விலைவாசி பற்றிப் பேசினோம்.

2023 முடியுமுன் என் கணவர் போய்விட்டார்.

செத்த வீட்டுக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். லயங்களில் மரண உதவிச் சங்கம் என்று ஒன்று இருக்கும். மாதம் சின்னத் தொகை கட்டுவார்கள். சாவு விழுந்தால் பெட்டியிலிருந்து சோறு வரை சங்கம் பார்த்துக்கொள்ளும், வீட்டாள் அழ மட்டும் செய்தால் போதும். பசாரில் பணமுள்ளவர்கள் நாங்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. எங்கள் செத்த வீட்டில் நாற்காலிக்குச் சொன்னது யார், ஐயருக்குச் சொன்னது யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துப் பெண்கள் சமையலைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். இவர்கள் பேரில் எங்கள் கடன் கொப்பியில் ஆயிரக்கணக்கில் நின்றது. அடுத்த சம்பள நாளில் சிலர் கேட்காமலே கொண்டுவந்து கட்டினார்கள். சிலர் இந்தச் சந்தடியில் அது மறந்துபோயிருக்கும் என்று பாதையை மாற்றினார்கள். இரண்டும் நடந்தது.

பேக்கரி மூடவில்லை. பாஸ் கேட்டார், நடத்துங்கள் என்றேன். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை நான் அங்கே போகவில்லை. "கடையில் போய் உட்கார், மனசு மாறும்" என்று வந்தவர் எல்லாம் சொன்னார்கள். நல்லெண்ணம்தான், பாதி உண்மையும்கூட. வேலை பகலை நிரப்பும், ஆனால் துக்கத்தை வேலைக்காரியாக்கிவிடக்கூடாது என்று எனக்குப் பட்டது. நம்முடைய பெரியவர்கள் எட்டு, பதினாறு என்று நாள் குறித்து வைத்தது ஐயருக்கு வேலை கொடுக்க மட்டுமல்ல என்று நினைக்கிறேன். யூதர்கள் சாவுக்குப்பின் ஏழு நாள் வீட்டிலேயே இருக்க, மற்றவர்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். நம் ஊர் முஸ்லிம் பெண்களுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா. அதை அடைத்துவைப்பதாகக் குறைசொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த விவாதம் எனக்கு வேண்டாம். கடன்காரனோ வாடிக்கையாளரோ உள்ளே வர முடியாத ஒரு காலம் என்ற அளவில் மட்டும், அந்த வருடம் எனக்கு அதில் பொறாமை இருந்தது.

சொல்லப்போனால் பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் கடினம். உறவுக்காரர் போய்விடுவார்கள், கேள்வி கேட்பவர்கள் நின்றுவிடுவார்கள், மனிதருக்கு ஒரு வேகம் வரும். இடத்தை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போவோம், இல்லாவிட்டால் கடன் எடுத்துப் பெரிதாக்குவோம் என்று. எனக்கு இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன. புதிய சுழலும் போறணை ஒன்றுக்கு விலைப்பத்திரம் வாங்கி, வங்கிப் படிவம் நிரப்பும்வரை போனேன். அக்கா மகன்தான், "சின்னம்மா, திவசம் முடியட்டும், அதுக்குப் பிறகு கையெழுத்துப் போடுங்க" என்றான். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அடகு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலம் விடலாம். அதைத்தான் வியாபாரிகள் பராட்டே என்று பயந்து சொல்வது. 2022க்குப் பிறகு எத்தனையோ சின்னத் தொழில்களின் தலைமேல் அது தொங்கியது. அப்படிப்பட்ட காகிதத்தில் தூக்கமில்லாத ஆள் கையெழுத்துப் போடக்கூடாது. தலைத்திவசம் முடிந்து, விலைப்பத்திரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, பாதி அளவுப் போறணையே எங்களுக்குப் போதும் என்று தெரிந்தது. அதை வாங்கினோம். செங்கல் போறணையும் இருக்கிறது.

இப்போது செவ்வாய்க்கிழமை பேக்கரி மூடியிருக்கும். பாஸுக்கு இது பிடிக்கவே இல்லை. செங்கல் போறணை ஒரு நாள் ஆறினால் மறுநாள் சூடேற்ற விறகு கூடப் போகும், முதல் தட்டுப் பாணின் அடி வெளிறும். இரண்டும் உண்மை. விறகுச் செலவைக் கணக்குக் கொப்பியில் மா, உப்பு, ஈஸ்டுக்குக் கீழே தனி வரியாக எழுதுகிறேன். வெளிறிய தட்டை ரஸ்க்குக்கு ஒதுக்கிவிடுகிறோம். அன்றைக்கு நான் கிளினிக் இருந்தால் போவேன், இல்லாவிட்டால் படுத்திருப்பேன், சில நாள் ஹாலிஎலவில் அக்கா வீட்டில் சாப்பாடு. பாஸ் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறார்.

நஷ்டமில்லாமல் இல்லை. நாங்கள் மூடும் நாளைக் கண்டுகொண்டு இன்னொரு பேக்கரிக்காரர் செவ்வாய்க்கிழமைகளில் ஸ்பிரிங்வெளிப் பாதையில் த்ரீவீல் விட்டார். அவருடைய பாண் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், 450 கிராம் நிற்குமா என்று நான் நிறுத்துப் பார்க்கவில்லை. அங்குள்ள சில வீடுகள் புதன், வியாழனிலும் அவரிடமே வாங்கத் தொடங்கிவிட்டன. அக்கா மகன் கொதித்தான். செவ்வாயிலும் ஒரு வண்டி விடுவோம், பழைய பாணையாவது கொண்டுபோவோம் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். செவ்வாய்க்கிழமை அந்தப் பாதை இன்னும் அவருடையதுதான்.